ரப்ச்சர்னா என்ன?

"சார், இந்த ஒத்த வார்த்தைக்கு மட்டும் அர்த்தம் சொல்லுங்க."

மாடி வீட்டு நூருன்னிசா போனை நீட்டினாள். அவளுக்கு இது எட்டாம் மாசம். படியிறங்கி வந்ததற்கே மூச்சு வாங்கியது.

"அவுகளை வயித்து வலின்னு ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு நேத்து சொன்னாக. இப்ப ரூம்ல கூட இருக்கவரு இந்தப் பேப்பரை போட்டோ பிடிச்சு அனுப்பிட்டு, போனையே எடுக்க மாட்டேங்காரு. எல்லாம் பொடி எழுத்து. 'ரப்ச்சர்'னு இருக்கது மட்டும்தான் தெரியுது. போன்ல போட்டுப் பாத்தா முறிவுன்னு வருது. எலும்பா சார்?"

அவள் புருஷன் இத்ரீஸ் சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கிறான்.

எங்க வீட்டுக்காரர் பிச்சுமணி, காலேஜில் ஆங்கில வாத்தியார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். அப்புறம் தன் போனை எடுத்து என்னத்தையோ தட்டினார். ஒருத்தி தவிச்சுக்கிட்டு நிக்கும்போது இவருக்கு வாட்ஸப் கேக்குது!

"உக்காரும்மா. வித்யா, அந்தப் பெரிய டிக்‌ஷனரியை எடு."

போச்சு, ஆரம்பிச்சிட்டார் என்று நினைத்தபடி எடுத்துக் கொடுத்தேன்.

"ரப்ச்சர்ங்கது லத்தீன்லேர்ந்து வந்தது. ரும்பெரேன்னா உடைக்கது. எரிமலை வெடிச்சா எரப்ஷன்னு சொல்லுதோம்லா, அதுக்கும் இதே வேர்தான். ஒருத்தர் பேசும்போது நடுவுல மறிச்சா இன்டரப்ட். லஞ்சம் வாங்குதவனை கரப்ட்னு சொல்லுதோமே, அதுவும் இதுலேர்ந்துதான்."

"அவுகளுக்கு எங்க சார் உடைஞ்சிருக்கு?"

"வாரேன், வாரேன். ஃபிராக்ச்சர் வேற, ரப்ச்சர் வேற. அது எப்படின்னா..."

பக்கம் பக்கமாகப் புரட்டினார். நூருன்னிசா வயிற்றில் கைவைத்தபடி என்னைப் பார்த்தாள். எனக்குக் கூசிப்போனது. டீ போட்டுக் கொடுத்தேன். தொடவே இல்லை.

கால் மணி நேரம் ஆயிற்று. இவர் இன்னும் ரோமாபுரியிலேயே நின்றார்.

"சார், பொழச்சுக்குவாகளான்னு மட்டும் சொல்லுங்க சார்!" அவள் அழுதே விட்டாள்.

"இந்த வார்த்தை இங்கிலீஷுக்கு எப்ப வந்துச்சுன்னா..."

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? பிள்ளைத்தாச்சிப் பொண்ணு துடிக்கா, நீங்க கிளாஸ் எடுக்கீங்க!"

இவர் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். அப்போதுதான் கவனித்தேன், அவர் கண் புத்தகத்தில் இல்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பக்கத்துச் செங்கோட்டையிலிருந்து நூருன்னிசாவின் உம்மாவும் தம்பி ஆசிப்பும் சாரலில் நனைந்தபடி ஓடி வந்தார்கள். ஆசிப் இவரிடம் படித்தவன்.

"உம்மா, நீங்க எப்படி..." என்று எழுந்தவளை அந்த அம்மா நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அதற்கு மேல் யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த அலறல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

மேசையில் டிக்‌ஷனரி ரப்ச்சர் இருக்கும் 'ஆர்' பக்கத்திலேயே இல்லை, 'எம்' எழுத்துப் பக்கத்தில் திறந்து கிடந்தது. பக்கத்தில் அவர் போன். அதில், ஆசிப்புக்கு அனுப்பியது:

"இத்ரீஸ் தவறிட்டாருப்பா. நூருக்குத் தெரியாது, தனியா வந்து நிக்கா. உங்க உம்மாவைக் கூட்டிட்டு உடனே வா. அவளைப் பிடிச்சுக்க நீங்க வந்து சேருத வரைக்கும், நான் இந்த வார்த்தையை முடிக்க மாட்டேன்."