தட்டுகள் தீர்ந்த காலை

ஒருவர் சிரித்தாலும் திரும்பிவிடுவது, பிறகு இந்தப் பக்கமே வருவதில்லை என்ற முடிவோடுதான் நூற்று முப்பது கிலோ பொன்னுரங்கம் முதல்நாள் ஜிம்முக்குள் நுழைந்தார். சுவரில் சட்டையில்லாத தன் ஆளுயரப் படத்தின் கீழ் நின்றிருந்த பயிற்சியாளர் டெனிஸ், அவரைச் சாய்ந்த இருக்கையில் படுக்கவைத்து, "காலால மேல தள்ளுங்க அங்கிள். வெறும் பலகைதான், பயப்படாதீங்க" என்றான். தள்ளினார். டெனிஸ் இரும்புத் தட்டு ஒன்றை மாட்டினான். அதுவும் போயிற்று. ஆறு, பத்து, பதினான்கு. யாரோ பாட்டை நிறுத்தினார்கள். கண்ணாடி முன் புஜம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் தட்டுகளைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜிம்மில் இருந்த இரும்பெல்லாம் அவர் பாதங்களின் மேல் ஏறி, தேர்போல மெல்ல நகர்ந்தது.

"இதுக்கு முன்னாடி எந்த ஜிம் சார்?" டெனிஸின் குரல் இறங்கியிருந்தது.

"ஜிம்மெல்லாம் இல்ல தம்பி. வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது."

செல்போனில் குறித்துக்கொள்ளத் தயாராக ஒருவன் குனிந்தான். "டெய்லி என்ன சார் சாப்பிடுறீங்க?"

கல்யாணப் பந்தியிலும் டாக்டர் அறையிலும் அவர் கேட்டுக் கூசிய அதே கேள்விதான். இவ்வளவு பயபக்தியோடு யாரும் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் நாளைக் காலையே எல்லாரும் ஆரம்பித்துவிடுவார்கள்போல் இருந்தது.