இரண்டாவது டிரைவர்

கடலூர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சவரிநாதன் 1963இல் எழுதிய முதல் வெளிநாட்டு பாலிசி அது. லால்பேட்டை ஹபீபுல்லா தன் காரைக் கப்பலில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுபோவதாக இருந்தார். பாலிசி பாரத்தில் இரண்டாவது டிரைவர் பெயரும் கேட்டிருந்தது. அவரிடம் ஆள் இல்லை. பாலிசி கைநழுவக் கூடாதென்று சவரிநாதன் தன் பெயரையே எழுதினார். அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது.

ஒரு மாதம் கழித்து ஆபீஸ் வாசலில் கார் வந்து நின்றது. இடது பக்கக் கதவைத் திறந்து ஹபீபுல்லா இறங்கி உள்ளே வந்தார். டிரைவர் சீட்டில் யாரும் இல்லை.

"கண்டி மலையில எனக்கு ஜுரம் வந்துடுச்சி. அதுலேர்ந்து நான் ஸ்டீரிங்கையே தொடல. என்னா ஓட்டு ஓட்னீங்க சவரி சார்! ஒரு கீறல் கெடையாது."

சவரிநாதன் மறுக்க வாயெடுத்தார். ஹபீபுல்லா செக்போஸ்ட் சீட்டை நீட்டினார். டிரைவர் கையெழுத்து சவரிநாதனுடையதுதான், அடியில் இழுக்கும் கோடு உட்பட. ஆபீஸே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் அவரை இப்படிப் புகழ்ந்ததில்லை.

"மலைன்னா ரெண்டாவது கியர்லயே எறக்கணும் பாய்" என்றார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே போய் ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தார். ஹபீபுல்லா குள்ளம். ஆனால் டிரைவர் சீட், சவரிநாதனின் நெட்டைக் காலுக்கு அளவாகப் பின்னால் தள்ளியிருந்தது.

ஹபீபுல்லா இடது பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"எப்பவும்போல வூட்டாண்ட வுட்டுடுங்க சார்."