ஐந்து பேரைக் காணோம்

"அஞ்சு பேரையும் காணோம், கேப்டன்! ஒருத்தனும் போன் எடுக்க மாட்டேங்குறான். ஓட்டல்ல கேட்டா, நாலு நாளா எவனும் கட்டில்ல படுக்கவே இல்லையாம்!"

ஆர்லோவுக்கு மூச்சு வாங்கியது. அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து, நியூயார்க்கில் ஐந்து நாள் ஓய்வுக்கு நிற்கும் பந்தயப் பாய்மரப் படகுக்கு அவன்தான் மேனேஜர். சாப்பாடு, துணி, ஓட்டல் எல்லாம் அவன் தலையில்.

கேப்டன் ரோவீனா கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். "மணி என்ன?"

"ரெண்டு. அஞ்சுக்குள்ள எல்லாரும் பந்தய ஆபீஸ்ல கையெழுத்துப் போடணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் நாளைக்கு நம்ம படகு கிளம்பாது. ரெண்டு வருஷ உழைப்பு, கேப்டன்! நம்மகூடப் போட்டி போடுற அந்தப் பச்சைப் படகுக்காரன் நம்ம ஆளுங்களை வளைச்சுப் போட்டுட்டானோ?"

"என் பசங்க அப்படி இல்ல. எங்கயாவது குடிச்சிட்டுக் கிடப்பானுங்க. பார் பாரா ஏறி இறங்கு."

"ஓட்டல் வாட்ச்மேன் வேற மாதிரி சொல்றாரே! தினமும் அஞ்சு பேரும் தலையணையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஸ்டேட்டன் தீவுக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஃபெர்ரிக்குப் போறாங்களாம்."

ரோவீனாவின் கை நின்றது. "ஃபெர்ரியா? அங்கெல்லாம் இருக்க மாட்டாங்க."

"போய்த்தான் பாப்போமே."

"சரி, நான் போறேன். நீ வர வேண்டாம்."

"நல்லா இருக்கே! அஞ்சு தடியனுங்களை நீங்க ஒரே ஆளா இழுத்துட்டு வருவீங்களா? நானும் வரேன்."

ஃபெர்ரியில் கால் வைக்கும்போதே ரோவீனா தொப்பியை மூக்குவரை இறக்கி, கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டாள். கோபம் தலைக்கேறிவிட்டது, இன்றைக்குப் பயல்கள் தொலைந்தார்கள் என்று நினைத்துக்கொண்டான் ஆர்லோ.

கீழ்த்தட்டில், பெஞ்சுக்கு ஒருவராக ஐந்து பேரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆர்லோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் டோபியாஸை உலுக்கினான். "டேய், எருமை! எழுந்திருடா!"

"பாயை இறக்கணுமா?" என்று அலறிக்கொண்டு எழுந்தான் டோபியாஸ். கேப்டனைப் பார்த்ததும் நெளிந்தான்.

"மன்னிச்சிடுங்க கேப்டன். அந்த ஓட்டல் கட்டில் அசையவே மாட்டேங்குது. கண்ணை மூடினா செத்துப்போன மாதிரி இருக்கு. இங்கன்னா அலை நல்லாத் தாலாட்டுது. கரை வந்தா இறக்கி விடுவாங்க, மறுபடி ஏறிப் படுத்துக்குவோம். டிக்கெட்டும் கிடையாது."

"வெக்கமா இல்ல?" ரோவீனா குரலை உயர்த்தாமலே விளாசினாள். "இருபது வருஷமா கடல்ல இருக்கேன். கரைக்கு வந்தா கரைக்காரங்க மாதிரி இருக்கத் தெரியணும். நாலு பேர் போற வர்ற இடத்துல இப்படி வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடந்தா நம்ம மானம் என்ன ஆகுறது? நானும் அதே ஓட்டல்லதான் இருக்கேன். கட்டில் அசையலைன்னு ஒரு நாள் குறை சொன்னேனா?"

"தப்புத்தான் கேப்டன்." ஐந்து பேரும் தலையைத் தொங்கப் போட்டார்கள்.

ஆர்லோவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆளும் கிடைத்தாயிற்று, கையெழுத்துக்கு நேரமும் இருக்கிறது. இப்படியொரு கேப்டன் அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அப்போது ஃபெர்ரி ஊழியர் ஒருவர் சிரித்துக்கொண்டே அவர்களிடம் வந்தார்.

"என்ன மேடம், தொப்பியும் கண்ணாடியுமா அடையாளமே தெரியல! கீழ ஏன் நிக்கிறீங்க? மாடியில உங்க மூலை பெஞ்சை யாருக்கும் விடாம வெச்சிருக்கேன், போய்ப் படுங்க. குறட்டையை மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க... நேத்து ஃபெர்ரி சங்குதான் ஊதுதுன்னு நினைச்சு, நட்ட நடுத் தண்ணியில நாப்பது பேர் இறங்க எழுந்துட்டாங்க!"