இருக்கை விவரம்

வண்டியை ஓட்டியவர்: கணவர் ரெமிஜியஸ். அவருக்கு இடப்பக்கம்: நாத்தனார் சான்ட்ரா. பின்னால், வலது ஜன்னல் ஓரம்: மாமியார் விண்ணரசி. இடது ஜன்னல் ஓரம், குழந்தை இருக்கையில், பெல்ட் போட்டு: மகள் ஷெர்லின், வயது மூன்றரை.

எழுதி முடித்துக் கடைசி வரிக்கு மட்டும் ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டாள் அனிட்டா.

இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டிருந்தது இதைத்தான். வேளாங்கண்ணி போய்விட்டு வரும் வழியில், திருவாரூர் தாண்டி, கதிரறுக்கும் மெஷின் ஏற்றிய லாரியின் பின்னால் கார் இடித்தபோது யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்? கூடவே, கீறல்கூட இல்லாத குழந்தை இருக்கையை எதற்காக மாற்றித் தர வேண்டும் என்றும் கேட்டிருந்தது.

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. இருக்கையோடு வந்த புத்தகத்தின் பதினான்காம் பக்கம். குழந்தையோடு ஒரு முறை இடி வாங்கிய இருக்கையை மறுபடி நம்பக் கூடாது. உள்ளே எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தாள்.

போன லீவில் குவைத்திலிருந்து அட்டைப் பெட்டியோடு அவளே தூக்கி வந்த இருக்கை. கார் பாலிசியில் அதையும் சேர்க்கச் சொல்லி அப்போதே எழுதி வாங்கியவளும் அவள்தான்.

அங்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் அவளுக்கு நர்ஸ் வேலை. கார் விபத்தில் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள். அதனால் வெள்ளிக்கிழமை தவறாமல் போடும் போனில், பிள்ளை சாப்பிட்டதா என்பதுகூட இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, காரில் பெல்ட் போட்டீர்களா? போட்டாச்சு என்பான் ரெமிஜியஸ்.

அவள் லீவுக்கு வர ஒரு வாரம் இருக்கும்போது இடித்தது. பம்பரோடு போயிற்று, குட்டி சீட்டில் தூங்கிக்கொண்டே இருந்தது, முழிக்கக்கூட இல்லை என்று அவன் போனில் சொன்னான். அன்று ஹாஸ்டல் குளியலறையில் முழங்கால் போட்டு அழுதாள்.

அவள் வந்த நாளிலிருந்து கார் பட்டறையில்தான் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விமானம். புது இருக்கை வந்துவிடும் என்று தெரிந்துகொண்டுதான் பிள்ளையை இவர்கள் கையில் விட்டுப் போக வேண்டும்.

குழந்தை உட்கார்ந்த விதம் தெரிய ஒரு போட்டோவும் வேண்டும் என்றிருந்தார்கள். பரணிலிருந்து இருக்கையை இறக்கி ஹாலில் வைத்தாயிற்று. சான்ட்ரா செல்போனைப் பிடித்துக்கொண்டு பிள்ளையை அழைத்தாள்.

ஷெர்லின் கிட்டேயே வரவில்லை.

"அது மாதா சீட்டு. நான் அத்தை மடி."

சான்ட்ரா செல்போனைத் தாழ்த்தினாள்.

ரெமிஜியஸ்தான் சொன்னான். புது வீட்டுக்கு வேளாங்கண்ணியில் மாதா சுரூபம் வாங்கினார்களாம். ஒன்றரை அடி. பிளாஸ்டர், குலுங்கினால் விண்டுவிடும். அதனால் அந்த இருக்கையில் வைத்து பெல்ட் போட்டார்களாம். பிள்ளை முன்னால், சான்ட்ரா மடியில். அன்றைக்கு ஒரு நாள்தான், பைபிள் மேல் சத்தியம் என்றான்.

மாதா வந்து உட்கார்ந்ததால்தான் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றாள் மாமியார். பின்னே என்ன, மாதாவைக் காலடியிலா போட்டுக்கொண்டு வரச் சொல்கிறாய் என்றும் கேட்டாள்.

முன் சீட்டு. மடி. அவசரப் பிரிவின் ரிஜிஸ்டரில் அந்த இரண்டு வார்த்தைகளுக்கு எதிரே என்ன எழுதுவார்கள் என்று அனிட்டாவுக்குத் தெரியும்.

ஒரு நாள் தப்பு எந்த வீட்டில்தான் நடக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடிக்கோடு போட்ட வரியை அடித்தாள். புது இருக்கை இல்லாவிட்டால் போகிறது, இதையே வைத்துக்கொள்ளலாம். பிள்ளையைத் தூக்கி அவளே அதில் உட்காரவைத்தாள்.

தோளுக்கு மேலிருந்து இறங்க வேண்டிய பெல்ட் கக்கத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தது. இழுத்தாள். கொக்கி ஒரு சாண் தள்ளியே நின்றது.

இருக்கையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

பெல்ட் அடித் துளையில் மாட்டியிருந்தது. போன லீவில் அவள் கையால் மாட்டியது. அப்போது பிள்ளைக்கு ஒன்றரை வயது. வளர வளர ஒவ்வொரு துளையாக மேலே ஏற்ற வேண்டும் என்று ரெமிஜியஸைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மேல் துளைகளில் கம்பெனி ஒட்டி அனுப்பிய தாள் அப்படியே இருந்தது.

ஒன்றரை அடிக்கு அடித் துளை போதும்.

இரண்டு வருஷம். நூறு வெள்ளிக்கிழமை. நூறு போட்டாச்சு.

"குட்டி உக்காந்திருந்ததாவே இருக்கட்டும் அனி," என்றான் ரெமிஜியஸ். "எவன் வந்து பாக்கப்போறான்?"

அனிட்டா புதுத் தாள் எடுத்தாள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வரிசையில் ஒரே பக்கத்தில் எழுதினாள். கையெழுத்துப் போட்டு மடித்தாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போஸ்ட் ஆபீஸுக்கு நடந்தாள். கிளெய்ம் கிடைத்துவிடும் இல்லையா என்று வாசல் வரை வந்து கேட்டுக்கொண்டே நின்றான் ரெமிஜியஸ்.

கவுண்டரில் பஞ்சநதம் கவரை எடை போட்டார். முகவரியைப் படித்தார். அவள் புறப்படும் தேதி அந்தத் தெருவுக்கே தெரியும்.

"குவைத்து ஆஸ்பத்திரிக்கா? ஞாயித்துக்கிழமை நீங்களே அங்கதானம்மா போறீங்க. கையில கொண்டு போயிரலாமே?"

அனிட்டா கவரைத் திரும்ப வாங்கி, அதன் வாயில் பசை தடவினாள். ஓரம் விடாமல் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். ரிஜிஸ்டர் தபாலில் போகட்டும் என்று சொல்லி, கவரைக் கவுண்டருக்குள் தள்ளினாள்.