நூறு பேர் வேண்டும்

"அம்மா, போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து பேசறேன். பயப்படாதீங்க, ஒரு சின்ன விஷயம்..."

அவ்வளவுதான், எதிர்முனை துண்டித்துவிட்டது. பட்டியலில் அந்தப் பெயரையும் அடித்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாள். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்; ஒரு ஆள்கூடச் சிக்கவில்லை.

நாளை மாலைக்குள் நூறு பேரைப் பிடித்துக் கொடுத்தால்தான் சனிக்கிழமை லீவு என்று மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை பள்ளி நாடகத்தில் மகள் ராணியாக வருகிறாள். போன வருஷம் அம்மா வரவில்லை என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பிள்ளை. இந்த வருஷமும் போகாவிட்டால் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது.

"சார், போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து..."

"போலீஸா? வீடியோல வா, பாப்போம்."

தொப்பியைச் சரிசெய்துகொண்டு வீடியோவைப் போட்டாள். அந்த மனிதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சட்டை அளவெடுத்துத் தைச்ச மாதிரியே இருக்கே. எந்தக் கடையில வாடகைக்கு எடுத்த?"

"சார், நான் உங்க அக்கவுன்ட் நம்பர்கூடக் கேக்கல. நாளைக்கு நாலு மணிக்கு நேர்ல வந்தா போதும்."

"நேர்ல வேற வரணுமா? வந்துட்டுதான் மறுவேலை." திரை கறுத்தது.

அடுத்து ஒரு பாட்டி. குரல் தேனாக இருந்தது.

"சொல்லும்மா. இரு, அடுப்பை அணைச்சுட்டு வந்துடறேன்."

அப்பாடா, ஒன்று விழுந்தது என்று பேனாவோடு காத்திருந்தாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் ஆனது.

"இருக்கியாம்மா? பத்து நிமிஷம் உன்னால வேற யாரையும் ஏமாத்த முடியல இல்ல, எனக்கு அது போதும்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து மேஜைத் தம்பிக்கோ போன் ஓயவே இல்லை. எடுப்பதும் எழுதுவதுமாக மும்முரமாக இருந்தான். கொடுத்து வைத்தவன் என்று பொருமினாள்.

மேலதிகாரி உள்ளே வந்தார். "எத்தனை பேரும்மா?"

"ஒருத்தரும் நம்பல சார்." சொல்லும்போதே குரல் உடைந்தது. சனிக்கிழமை போயே போச்சு.

"எனக்கு இருபத்தி மூணு சார்," என்று தம்பி தாளை நீட்டினான். "போலீஸ்னு சொல்லி ஒரு பொம்பளை போன்ல ஏமாத்தப் பாக்கறான்னு நம்ம ஸ்டேஷனுக்கு வந்த புகார். இருபத்தி மூணும் அக்கா மேலதான்."

தாளை மேலிருந்து கீழ்வரை படித்தவர், இன்ஸ்பெக்டர் என்ற விறைப்பையும் மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போலி போலீஸை நம்பாதீங்கன்னு இவங்களுக்கு நாளைக்குக் கூட்டம் வேற போடணுமாக்கும்? சனிக்கிழமை நீ நாடகத்துக்குக் கிளம்பும்மா."