இரண்டு கை, இரண்டு போர்டு

அவள் வலது கையில் இருந்த போர்டு கணவனுக்கு. இடது கையில் இருந்தது அவனைத் துரத்தி வருகிறவனுக்கு.

இன்னும் நான்கு லேப்.

இப்படி ஒரு கூத்து ரேஸ் பாதையை ஒட்டிய இந்தச் சுவரோரம் இதற்கு முன் நடந்ததில்லை. ஐந்து சுற்றாக நடக்க வேண்டிய பைக் சாம்பியன்ஷிப்பை கொரோனா இரண்டு சுற்றாகச் சுருக்கிவிட்டது. முதல் சுற்றில் இருவரும் சமப் புள்ளி. இன்றைக்கு யார் முன்னால் வருகிறார்களோ அவர்களுக்குப் பட்டம்.

கேலரியில் ஆளில்லை. காக்கைகள் உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு மட்டும்தான் யாரும் மூக்கில் குச்சி விடவில்லை.

ஓட்டுகிறவருக்கு ஓர் உதவியாள்தான் என்று புது விதி. துரத்தி வருகிற ஜெரால்டுக்கு உதவ கோவையிலிருந்து வந்த நண்பனை, பாசிட்டிவ் என்று காலையில் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜெரால்ட் ஆறடி தள்ளி நின்று, மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டான்.

"அண்ணே, எனக்குப் போர்டு காட்ட ஆளில்ல."

"இவ காட்டுவா. அதே செவுருதானே," என்றான் அவள் கணவன் தணிகை.

ஸ்பானரை இரவல் கொடுக்கிற மாதிரி. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஓட்டுகிறவனுக்கு முன்னால் போகிறவனின் முதுகு தெரியும். நெருங்குகிறோமா, விலகுகிறோமா என்பது தெரியாது. அதைச் சொல்லத்தான் போர்டு. இடைவெளி எத்தனை விநாடி என்று பார்த்து, ஒவ்வொரு லேப்புக்கும் எண் தகட்டை மாற்றிச் சுவருக்கு மேல் நீட்ட வேண்டும்.

மூன்று விநாடி என்று நீட்டினாள்.

அடுத்த லேப்பில் இரண்டு.

தணிகையின் பின் டயர் தேய்ந்துவிட்டது. வளைவில் வண்டி வாலை ஆட்டுவது இங்கிருந்தே தெரிந்தது.

அவனுக்கு முப்பத்தெட்டு வயது. மூன்று முறை இரண்டாம் இடம். இதோடு போதும் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. பட்டம் அவனுக்கு வேண்டும். அவனைவிட அவளுக்கு வேண்டும்.

இருவரும் கடந்து போனார்கள். ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தாள்.

ஒன்று.

வலது போர்டில் இரண்டைக் கழற்றிவிட்டு ஒன்றை மாட்டினாள்.

இடது போர்டுக்குக் கை போகவில்லை.

போன லேப்பும் இரண்டு, இந்த லேப்பும் இரண்டு என்றால் நெருங்கவில்லை என்று அர்த்தம். சரி, இரண்டாம் இடமே போதும் என்று ஒருவன் மனசைத் தேற்றிக்கொள்வான். அவள் புதிதாகப் பொய் எதையும் மாட்டவில்லை. இருந்ததை மாற்றவில்லை, அவ்வளவுதான். ஆபத்துக்குப் பாவமில்லை என்று பெரியவர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இரண்டையும் நீட்டினாள்.

பத்து வருஷமாக ஒற்றைப் போர்டு பிடித்துப் பழகியவள். முன்னால் வருகிறவன் இரண்டையும் படிப்பான் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

தணிகையின் ஹெல்மெட் அவள் பக்கம் திரும்பியது. ஒரு கணம்தான்.

சுவரைத் தாண்டியதும், எல்லோரும் வண்டியோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும் அந்த நேர் ரோட்டில், அவன் நிமிர்ந்தான். இடது கையை எடுத்தான். முதுகுக்குப் பின்னால் நீட்டினான்.

ஒரு விரல்.

வளைவு வரும்வரை மடக்கவில்லை.

நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகம். ஒற்றைக் கை. தேய்ந்த டயர்.

பைத்தியக்காரன்.

முதலில் விழுந்துவிடுவானோ என்றுதான் பார்த்தாள். வெட்கம் அப்புறம்தான் வந்தது. அதற்கும் பிறகு, இப்படி ஒருத்தனுக்கா வாக்கப்பட்டேன் என்று வந்த பெருமையில் கண் மறைத்தது. துடைக்கக் கை காலியாக இல்லை.

பின்னால் வந்தவன் பார்த்துவிட்டான். டேங்க் மேல் தலையைக் கவிழ்த்தான்.

கடைசி லேப்புக்கு இரண்டு போர்டிலும் பூஜ்யம் மாட்டினாள். அதைப் படிக்க இருவருக்கும் நேரமில்லை.

தணிகை விட்டுக்கொடுத்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடைசி வளைவில் சுவருக்கும் ஜெரால்டுக்கும் நடுவில் வண்டியை நுழைத்தவன் அவன்தான். உயிரைக் கொடுத்து ஓட்டினான்.

அரைச் சக்கரம் முந்திக் கோட்டைத் தாண்டியது ஜெரால்டின் வண்டி.

யாரும் கத்தவில்லை. கத்த ஆளில்லை. காக்கைகள் மட்டும் எழுந்து, ஒரு வட்டம் போட்டு, மறுபடி உட்கார்ந்தன.

தணிகை வண்டியை நிறுத்தி இறங்கினான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தான்.

ஜெரால்ட் வந்தான். ஜெயித்த சந்தோஷத்திலும் ஆறடி தள்ளியே நின்றான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ரெண்டுன்னு காட்டுனீங்க. அண்ணன் ஒண்ணுன்னு காட்டுனாரு. எதை நம்புறதுன்னே தெரியல."

அவள் குனிந்து போர்டுகளை அடுக்கினாள்.

"மாத்தத்தான் போனா. காத்துல தகடு பறந்துடுச்சு," என்றான் தணிகை, கையுறையை இழுத்துக் கழற்றிக்கொண்டே.

"அதானே பாத்தேன்," என்றான் ஜெரால்ட்.

பத்து வருஷத்தில் தணிகை பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. பாதையோரம் ஒரு புல்கூட அசையவில்லை. கொடிகள் எல்லாம் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தன.

ஜெரால்ட் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான். நாலடி நடந்திருப்பான்.

அவள் மாஸ்க்கைக் கீழே இறக்கினாள்.

"தம்பி," என்று கூப்பிட்டாள்.