அடியில் ஓர் உறுமல்

சலவைத் தொழிற்சாலையின் பாய்லர் அறையில் மதிய வெயில் ஒற்றைச் சன்னல் வழியே சாய்ந்து விழுகிறது. பாய்லருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டரை எல்லோரும் தாளம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாய்லருக்குத் தும்மல் வந்தால்கூடக் காதாலேயே கண்டுபிடிக்கிறவன் என்று பெயர். இன்று அந்தக் காதைப் பெரிய ஹெட்போன் மூடியிருக்கிறது. அவன் உயிரை விடுகிற ராக் குழுவின் புது ஆல்பம் காலையில்தான் வந்தது. அதற்குள் மறுபடி முதலிலிருந்து கேட்கிறான். அவன் கையிலிருக்கிற ஸ்பானரின் முனை பாட்டுக்கு ஏற்ப மேசையில் ஏழேழு அடியாகத் தட்டுகிறது. கிதார் குழைந்து இறங்கி, கீபோர்டு மட்டும் பனிபோல் நிற்கிற இடம் வருகிறது. அதற்கும் அடியில் மெல்லிய உறுமல் ஒன்று. காலையில் இது பிடிபடவே இல்லையே என்று அவனுக்குப் புல்லரிக்கிறது. குவளைத் தேநீரில் வட்டம் வட்டமாக அலை எழுவதை அவன் பார்க்கவில்லை.

இஸ்திரிப் பிரிவு அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அவன் தோளைத் தட்டுகிறாள். ஹெட்போனை ஒரு பக்கம் விலக்குகிறான்.

"ஆவி ஒரு மாதிரியா வருதுப்பா, என்னன்னு பாரு."

"பாக்கறேன்க்கா. முதல்ல இதைக் கேளு. பாட்டுக்கு அடியில ஒண்ணு உறுமுது பாரு, ஆளையே தூக்குது."

கழற்றி அவள் தலையில் மாட்டிவிடுகிறான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். முகம் மெல்லக் கனிகிறது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உறுமல் எதுவும் இல்லையேப்பா."

ஸ்பானர் அந்தரத்தில் நிற்கிறது. ஹெட்போன் அக்காவின் காதில் இருக்கிறது. உறுமல் அவன் முதுகுக்குப் பின்னால் இன்னும் கேட்கிறது.